'ஆய்' வந்தால் 'லி'

யாழ்ப்பாணத்து வடகரை மயிலிட்டியில் பத்மாசினியிடம் இங்கிலீசு படித்த பிள்ளைகளை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒரு விதியை மட்டும் தடக்காமல் சொல்லுவார்கள். தமிழில் 'ஆய்' வந்தால் இங்கிலீசில் 'லி' வரும். மெதுவாய் என்றால் ஸ்லோலி. வடிவாய் என்றால் பியூட்டிபுல்லி. ஹாட் என்றால் கடுமை, கடுமையாய் என்றால் ஹாட்லி. வினையடை என்று பெரிய சொல்லைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டாமல் ஒரே வரியில் விசயத்தை முடித்துவிட்டோமே என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. இருக்காதா பின்னே? அந்தக் கரையில் ஓ-லெவல் சோதனையில் இங்கிலீசுக்குத் திறமைச் சித்தியோடு தேறின முதல் பெட்டை அவள்தான்.

அவளைப் படிப்பித்தது தமையன் சோமசேகரம். தகப்பன் செத்த வருசமே, தன் பதினைந்து வயதில், வள்ளம் ஏறினவன். தான் எட்டாம் வகுப்போடு நின்றதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. தங்கச்சி இங்கிலீசுப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இருந்தால் மட்டும், வலையைத் தைக்கிற கையை நிறுத்திவிட்டு ஒரு கணம் பார்ப்பான். அவ்வளவுதான். அவன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில், ஒரு விடியற்காலம், அவனும் கிழவர் ஆழ்வாப்பிள்ளையும் தொழிலுக்குப் போனார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் வள்ளத்தைத் தடைசெய்த எல்லைக்குள் இழுத்துக்கொண்டு போய் விட, கடற்படைப் படகு வந்து இரண்டு பேரையும் பிடித்தது. கிழவரை மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். சோமசேகரத்தை விடவில்லை. முப்பத்திரண்டு வயது, அகன்ற நெஞ்சு, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கயிறு இழுத்த கையா, இயக்கத்தில் துவக்குத் தூக்கின கையா என்று அவர்களுக்குச் சந்தேகம். மீன்பிடிப் பாஸை எடுத்துக் காட்டினால், பாஸ் யாரும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கிழவர் வந்து சொன்னதும், பிடிபட்டவர்களுக்காகப் பேசுகிற பிரசைகள் குழு விசாரித்து அறிந்ததும் இதுதான்: கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்று முகாமுக்கு வரும். உண்மையாகவே கடல்தொழில் செய்கிறவன் என்று குழு நம்பினால் வீட்டுக்கு விடுவார்கள். நம்பாவிட்டால் தெற்கே உள்ள தடுப்பு முகாமுக்கு ஏற்றுவார்கள். தெற்கே ஏற்றின எவனும் திரும்பி வந்து அந்தக் கரையில் கால் வைத்ததை இன்னும் ஒருவரும் காணவில்லை.

விசாரணைக் குழுவுக்கு வீட்டார் ஒரு கடிதம் எழுதலாம், இங்கிலீசில் எழுதினால் நல்லது என்றார்கள். சோமசேகரத்தின் மனைவி குணலட்சுமி உடனே கிறகோரியரிடம் போவோம் என்றாள். கிறகோரியர் கொழும்பில் இருபது வருசம் கந்தோரில் இருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்து, இப்போது பிரசைகள் குழுவின் கடிதங்களைத் தட்டெழுதிக் கொடுக்கிறவர். பத்மாசினிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீட்டுக்குள் இங்கிலீசை வைத்துக்கொண்டு ஊரிலே போய்க் கை நீட்டுவதா? என்ரை அண்ணைக்கு நான் எழுதாமல் வேறு ஆர் எழுதுறது என்று கேட்டாள். குணலட்சுமி கடதாசியை எடுத்துக் கொடுத்தாள்.

எழுதினாள். ஒரு பகல் முழுக்க இருந்து, நாலு தாளைக் கிழித்து, ஐந்தாவது தாளில் மணிமணியாக எழுதினாள். அதில் ஒரு வசனம் வந்தபோது அவளுக்கே நெஞ்சு நிறைந்தது. மை பிரதர் ஹாட்லி வேர்க்ஸ் இன் த சீ. என் தமையன் கடலில் கடுமையாய் உழைக்கிறவர். தமிழில் நாங்கள் கதைக்கிற ஒழுங்கிலேயே கடுமையாய் என்பது முன்னுக்கும், உழைக்கிறவர் என்பது அதை ஒட்டிப் பின்னுக்கும் வந்து அமைந்துவிட்டது. குணலட்சுமிக்கு வாசித்துக் காட்டினாள்.

"ஹாட்லி எண்டால் பருத்தித்துறைப் பள்ளிக்கூடமல்லோ மச்சாள்? இவர் எப்ப அங்கை படிச்சவர்?" என்று குணலட்சுமி கேட்க, பத்மாசினி கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது. பிறகு அதை நினைத்து நினைத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

செப்டெம்பர் எட்டாம் திகதி இங்கிலீசில் பதில் வந்தது. உமது கடிதம் கோவையில் சேர்க்கப்பட்டது. விசாரணை பதினெட்டாம் திகதி காலை. அதற்குக் கீழே இன்னுமொரு வசனம். உமது சகோதரர் கடலில் ஹாட்லி வேர்க்ஸ் என்று நீரே எழுதியிருப்பதால், அப்படிப்பட்டவர் அன்று வள்ளத்தில் எதற்காகப் போனார் என்பதைக் குழு அறிய விரும்புகிறது.

பத்மாசினி மூன்று தரம் வாசித்தாள். கடலில் கடுமையாய் உழைக்கிறவன் வள்ளத்தில் எதற்குப் போவான் என்று எந்த விசரன் கேட்பான்? கொழும்பில் பெரிய கதிரையில் இருக்கிறவர்களுக்கு இதுகூட விளங்காதா என்று அவர்களைத்தான் முதலில் திட்டினாள். திட்டி முடிந்த பிறகுதான் அந்த ஹாட்லி மேல் ஒரு சந்தேகம் வந்தது. பெட்டகத்துக்குள் கிடந்த அகராதியை எடுத்தாள். ஹாட் என்ற சொல்லைப் பார்த்தாள். கடினமான. அதற்குப் பக்கத்திலேயே, அதே ஹாட், ஒரு எழுத்தும் கூடாமல் குறையாமல், வினையடையாகவும் வருமாம்: கடுமையாய். அப்படியென்றால் ஹாட்லி?

அது தனியாக, நாலு வரி தள்ளிக் கீழே இருந்தது. அரிதாக, இல்லையென்றே சொல்லத்தக்க அளவில்.

என் தமையன் கடலில் வேலை செய்கிறது இல்லையென்றே சொல்லலாம். இதைத்தான் அவள் அழகான எழுத்தில், கீழே தன் பெயரும் போட்டு, அனுப்பியிருக்கிறாள். பதினேழு வருசம் உப்புத்தண்ணியில் ஊறின மனிதனை, கடலுக்கே போகாதவன் என்று, அவன் கூடப்பிறந்தவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அகராதி மடியில் கிடந்தது. அடுப்படியில் குணலட்சுமி பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, எழும்பிப் போய் இதைச் சொல்ல வேண்டும், எழும்பிப் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று அரைமணித்தியாலம் இருந்தாள்.

சொன்னபோது குணலட்சுமி அழவில்லை. கத்தவும் இல்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு, கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நான் கிறகோரியரிட்டைப் போவம் எண்டனான்," என்று மட்டும் சொன்னாள். பத்மாசினிக்கு அவள் நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உச்சி வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிறகோரியர் வீட்டுக்குப் போனாள். அவர் அவள் எழுதின கடிதத்தின் பிரதியை வாங்கி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சோத்திலை உப்பு ஹாட்லி இருக்கு என்றால் உப்பே இல்லை என்றுதான் அர்த்தம் பிள்ளை என்றார். வேர்க்ஸ் ஹாட் என்று பின்னுக்குப் போட்டு, லியை விட்டிருந்தால் போதும், எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த மனிதர் இதையெல்லாம் மெல்லமாக, நோகாமல்தான் சொன்னார். நொந்தது நொந்ததுதான்.

அப்படியென்றால் பிழை, திருத்திக்கொள்ளுங்கோ என்று இன்னொரு கடிதம் தட்டித் தாருங்கோ என்று அவள் கெஞ்சினாள். கூடாது என்று கிறகோரியர் தலையை ஆட்டினார்.

"இப்ப போய் மாத்திச் சொன்னால், கடிதத்தைக் கண்டு பயந்து கதையை மாத்துறியள் எண்டுதான் சொல்லுவாங்கள். நீர் இங்கிலீசு படிப்பிக்கிற ஆள் எண்டு வேறை எழுதியிருக்கிறீர். தெரிஞ்சவள் தெரிஞ்சுதான் எழுதினவள் எண்டு நினைப்பாங்கள். ஒரே வழிதான் இருக்கு, பிள்ளை. உமக்கு இங்கிலீசு தெரியாது எண்டு காட்டவேணும்."

அதைக் கேட்டதும் அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆனால் வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. எப்படிக் காட்டுவது? தெரியும் என்று காட்டச் சோதனை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. தெரியாது என்று காட்ட எந்தக் கந்தோரில் போய்ப் பத்திரம் எடுப்பது? வரும் வழியெல்லாம் பிள்ளையாரே பிள்ளையாரே என்று புலம்பிக்கொண்டு வந்தாள். காங்கேசன்துறை வீதியில் ஒரு பஸ் கோர்ண் அடித்துக்கொண்டு உரசிப் போனதும் அவளுக்குத் தெரியாது.

வீட்டுப் படலையைத் திறந்தபோதுதான் அவளுக்குப் பிள்ளைகளின் மாசி மாதத்துக் கட்டுரைக் கொப்பிகள் நினைவுக்கு வந்தன. 'என் தகப்பனார்' என்று பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தாள். படிக்கிற இருபத்தொரு பிள்ளைகளும் கரையோரத்துப் பிள்ளைகள். எல்லாருடைய தகப்பனும் கடலில்தான். இருபத்தொரு கொப்பியிலும் அந்த ஒரே வசனம் இருக்கும். மை பாதர் ஹாட்லி வேர்க்ஸ் இன் த சீ. அதற்குக் கீழே அவளுடைய சிவப்பு மையில் சரி. பக்கத்தில் அவளுடைய கையெழுத்தும் திகதியும். அண்ணை பிடிபடுவதற்கு ஆறு மாதம் முந்தின திகதி. இதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் உண்டா? தனக்கு இங்கிலீசு தெரியாது என்பதற்கு அவளே இருபத்தொரு தரம் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள்.

வீடு வீடாகப் போனாள். போய்ச் சும்மா கொப்பியைத் தா என்று கேட்க முடியுமா? காரணம் கேட்டார்கள். சொன்னாள். நான் பிழையாய்ப் படிப்பிச்சுப் போட்டன் என்று முதல் வீட்டில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஐந்தாம் வீட்டில் பழகிவிட்டது. பத்தாம் வீட்டில் கொஞ்சம் கூட்டியே சொன்னாள், எனக்கு ஒண்டுமே தெரியாது, நான் படிப்பிச்சிருக்கவே கூடாது என்று. சிலர் பரிதாபப்பட்டார்கள், சிலர் தங்களுக்குள் சிரித்தார்கள். செபஸ்தியம்மா என்ற பெண் மட்டும் வாசலில் நிற்க வைத்தே கேட்டுவிட்டாள், என்ரை மகள் ரண்டு வருசமாய் உன்னட்டைப் பிழையையோ படிச்சவள் என்று. ஓம் அக்கா என்றாள் பத்மாசினி. செபஸ்தியம்மா உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த நாள் படிக்க ஒரு பிள்ளையும் வரவில்லை.

அண்ணையிடம் ஒரு சொல் சொல்லி வைக்கலாம் என்று குணலட்சுமியும் அவளும் இரண்டு தரம் முகாம் வாசலுக்குப் போனார்கள். பார்க்க விடவில்லை. உடுப்புப் பொட்டலத்தை வாங்கினார்கள், ஆனால் துண்டுக் கடிதம் கொடுக்க விடவில்லை. விசாரணையன்று பார்க்கலாம் என்று காவல்காரன் கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

பதினெட்டாம் திகதி விடிய முன்னமே இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். பத்மாசினியின் கையில் பன்புல்லால் இழைத்த பை, அதற்குள் இருபத்தொரு கொப்பி. ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஆளை உள்ளே கொண்டுபோய் விசாரிக்கிறார்கள், முடிந்தபின் உங்களைக் கூப்பிடுவார்கள் என்றார்கள். பன்னிரண்டு மணிக்குப் பத்மாசினியை மட்டும் கூப்பிட்டார்கள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மொழிபெயர்க்க ஒரு தமிழ் உத்தியோகத்தர். சுவரோரமாக ஒரு மர வாங்கில் சோமசேகரம் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, தோள் எலும்பு தெரிய, பாதி ஆளாகப் போயிருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. யாரும் பார்க்காதபடி அவளுக்குத் தலையை ஒரு தரம் ஆட்டிக் காட்டினான். எல்லாம் நான் பார்த்துக்கொண்டன், யோசிக்காதை என்று சொல்கிற தலையாட்டல். எதைப் பார்த்துக்கொண்டான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்தது.

கொப்பிகளை மேசையில் அடுக்கினாள். எனக்கு இங்கிலீசு தெரியாது ஐயா என்று தொடங்கினாள். ஆயையும் லியையும் பற்றிச் சொன்னாள். கடுமையாய் என்று எழுத நினைத்து என்ன எழுதினாள் என்று சொன்னாள். மொழிபெயர்ப்பவர் சொல்லச் சொல்ல, நடுவில் இருந்த தலைவர் கொப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். ஐந்தாவது கொப்பியில் அவர் வாயோரம் அசைந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் பார்த்துச் சிரித்தார். மயிலிட்டியில் ஒரு தகப்பனும் வேலைக்குப் போவதில்லையா என்று தலைவர் கேட்டார். மொழிபெயர்ப்பவரும் சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார். சிரியுங்கோ, நல்லாய்ச் சிரியுங்கோ என்று பத்மாசினி மனதுக்குள் அவர்களைக் கும்பிட்டாள். ஊரெல்லாம் பட்ட வெட்கத்துக்கு இந்த ஒரு சிரிப்புப் போதும். அண்ணையை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

கடிதத்தில் இருந்தது பிழைதான், பொய்யில்லை, அதைக் குழு ஏற்றுக்கொள்கிறது என்றார் தலைவர். பிறகு கோவையைப் புரட்டி இன்னொரு தாளை எடுத்தார். அதை மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அது தமிழில் எழுதியிருந்தது.

"'தங்கச்சி எழுதினது சரி. நான் கடலிலை வேலை செய்யிறது இல்லை எண்டே சொல்லலாம். அண்டைக்குச் சும்மா போனனான்.' இது உங்கடை தமையன் காலமை சொன்னது, பிள்ளை. வாசிச்சுக் காட்டிக் கையெழுத்தும் வாங்கியாச்சு."

பத்மாசினி தமையனைப் பார்த்தாள். பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. காலையில் இவர்கள் அவனிடம் கடிதத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உன் தங்கை இப்படி எழுதியிருக்கிறாள், உண்மையா என்று. பிடித்த நாளிலிருந்து ஒவ்வொரு விசாரணையிலும் நான் தொழில் செய்கிறவன், நான் தொழில் செய்கிறவன் என்றே சொல்லியும் விடுபடாதவன், அதைக் கேட்டுவிட்டு யோசித்திருக்கிறான். பிடிபட்டது தடைசெய்த எல்லைக்குள். தொழிலுக்குப் போனேன் என்றால் குற்றம், போகிறதில்லை என்றால் தப்பலாம் என்று இங்கிலீசு தெரிந்த தங்கச்சி ஏதோ கெட்டித்தனமாய்த்தான் எழுதியிருக்கிறாள், நான் குறுக்கே பேசிக் கெடுத்துவிடக் கூடாது என்று, தன் வாயாலேயே தன்னைக் கட்டிக் கொடுத்துவிட்டான்.

அவள் சத்தம் போட்டாள். அது என்னால் சொன்னது ஐயா, என்னை நம்பிச் சொன்னது, அவருக்குத் தெரியாது என்று தமிழில் சொன்னாள், தெரிந்த இங்கிலீசில் சொன்னாள், மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தலைவர் கையை விரித்தார். கடிதம் இங்கிலீசில் இருந்தது, பிழை என்று விட்டுவிடலாம். இது அவருடைய சொந்தப் பாசையில் அவரே சொன்னது, இதில் எதைப் பிழை என்று சொல்வது என்று கேட்டார். கோவையை மூடினார். தெற்கே அனுப்புகிற பட்டியலில் பெயர் சேரும் என்று மொழிபெயர்ப்பவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு பேர் வந்து சோமசேகரத்தை எழுப்பினார்கள். அவன் மேசையில் கிடந்த கொப்பிகளைப் பார்த்தான், தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். அவளைக் கடந்து போகும்போது நின்றான்.

"என்ன பிள்ளை, அழுறாய்? நீ எழுதினமாதிரித்தானே சொன்னனான். நான் சொன்னதிலை ஏதும் பிழையோ?"

அவனைப் பிடித்திருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது.

"இல்லை அண்ணை," என்றாள் பத்மாசினி. "சரியாய்த்தான் சொன்னனீங்கள்."